ஆறு கிலோ என்று எழுதினேன்

கணபதி ஏரியாவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த கிளினிக்கில் ஒன்பது வருடம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால். மீதிப் பேருக்கு இடுப்பும் கழுத்தும். சுற்றிலும் லேத் பட்டறைகள் என்பதால் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது விரல் நசுங்கி வருவார்கள். அதற்காகவே கை சிகிச்சைக்குத் தனியாக ஒரு பயிற்சி முடித்திருந்தேன். அவரை என்னிடம் அனுப்பி வைத்ததற்கு அதுதான் காரணம்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வலது கையில் முழங்கை வரை கட்டு. மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேலே குறுக்காக வெட்டுப்பட்டு, விரல்களை மடக்கும் தசைநார்கள் எல்லாம் அறுந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தைத்திருந்தார்கள். கூட வந்தவன்தான் பதிவுப் படிவத்தை நிரப்பினான். தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதினான். காயத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ‘கண்ணாடி’ என்று எழுதினான்.

“கண்ணாடி இவ்வளவு நேரா வெட்டாதுங்களே” என்றேன்.

“பெரிய கண்ணாடிங்க மேடம்” என்றான்.

எல்லோரும் அவரை அண்ணன் என்றார்கள். அவர் இவனைத் தம்பி என்றார். இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் அல்ல. எனக்கும் அந்தப் பெயர்களே பழகிவிட்டன. தம்பி என்னைவிட இரண்டு வயது சின்னவன். மெலிந்த ஆள், படிய வாரிய தலை, எந்த நேரமும் சிரித்த முகம்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறார். ஊரில் யார் யார் என்னென்ன என்று அவருக்குத் தெரியும்.

“அந்த ஆளா? அவிநாசி மண்டபத்துல பந்தியில வெச்சு வெட்டுனாங்களே, பேப்பர்ல வந்துச்சே?”

நான் பேப்பர் படிப்பதில்லை. இடப் பிரச்சினை, குடிவைத்தவர்களைக் காலி செய்வது, கூட்டாளிகளுக்குள் தகராறு என்று எதுவானாலும் கோர்ட்டுக்கு முன்னால் அவரிடம் போவார்கள் என்று என் கணவர் சொன்னார். கட்டப் பஞ்சாயத்து. அவர் மேல் மூன்று கொலை வழக்கு இருந்து, மூன்றிலும் சாட்சிகள் மனது மாறியிருந்தார்கள்.

“நல்லாப் பாத்து விடு” என்றார் கணவர். கவனமாக வைத்தியம் செய் என்றாரா, ஜாக்கிரதையாக இரு என்றாரா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

வாரத்தில் நான்கு நாள், காலை பதினொரு மணி. கூட மூன்று நான்கு ஆட்கள் வருவார்கள். கன்னத்தில் தழும்பு உள்ள ஒருவர், ஒரு காது பாதி இல்லாத ஒருவர். ரிசப்ஷனில் முட்டிவலிப் பாட்டிகளுக்கு நடுவில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாட்டிகளுக்கு அவர்கள் யாரென்று தெரியாது. மின்விசிறியைக் குறைக்கச் சொல்வார்கள், கீழே போய் பன் வாங்கி வரச் சொல்வார்கள். அவர்களும் போய் வாங்கி வருவார்கள். முறை வரிசைக்காகச் சண்டை என்பதே அந்த மாதங்களில் நின்றுவிட்டது. பக்கத்து டைல்ஸ் கடைக்காரர் எங்கள் நோயாளிகள் ஸ்கூட்டர் நிறுத்துவதற்காக நான்கு வருடமாகத் தகராறு செய்துகொண்டிருந்தவர். ஒரு நாள் தானாகவே மேலே வந்து, தாராளமாக நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். யாராவது அவரிடம் ஏதாவது சொன்னார்களா என்று தம்பியைக் கேட்டேன்.

“வணக்கம் சொன்னனுங்க. வேற ஒண்ணும் சொல்லலைங்க.”

எந்த நோயாளி வந்தாலும் முதல் நாளே, இந்தக் கையால் முதலில் என்ன செய்ய ஆசை என்று கேட்பது என் வழக்கம். அண்ணனிடமும் கேட்டேன்.

“கையில பெசஞ்சு சோறு திங்கோணும் அம்மணி. ஸ்பூன் ஆகறதில்ல.”

ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் தம்பிதான் அவருக்குச் சோறு ஊட்டியவன். இப்போதும் சட்டைப் பட்டன் போட்டுவிடுவது, வேட்டி கட்டிவிடுவது எல்லாம் அவன்தான். நான் சொல்லித்தரும் பயிற்சிகளை ஃபோனில் வீடியோ எடுத்துக்கொள்வான். வீட்டில் சப்பாத்தி மாவைத் தானே பிசைந்து, உருட்டி, அவர் கையில் வைத்து அழுத்தச் சொல்வானாம். ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது நான் ஃபைலில் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்வான்.

“கை முழுசா வந்துருமுங்களா மேடம்?” என்று வாரம் ஒரு முறையாவது கேட்பான். “எப்ப வருமுங்க? தோராயமாச் சொன்னாப் போதுமுங்க.”

சொந்த மகன்கள்கூட இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கணவரிடம் சொல்லி வியந்தேன்.

ஒரு நாள் அண்ணன் உள்ளே மெழுகு ஒத்தடத்தில் கையை வைத்துப் படுத்திருந்தபோது, தம்பி வெளியே என்னோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் பிறந்தது வால்பாறையில், எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். பத்தொன்பது வயதில் மலை இறங்கி வந்து அண்ணனிடம் டிரைவராகச் சேர்ந்தான். பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அண்ணனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

“அப்ப அவருக்குப் பொறகு நீங்கதான் பாத்துக்குவீங்களா?” என்றேன். என்னமோ மளிகைக் கடையைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

“அவுங்க அக்கா பையன் இருக்காருங்க. இன்ஜினியரிங் முடிச்சுட்டு சும்மாதான் இருக்காரு. அவருதான் பாத்துக்குவாருங்க. சொந்தத்துல ஆள் இருக்கறப்போ என்னை மாதிரி ஆளுக்கு எப்படிங்க?” என்று சிரித்தான். “நானு கூட இருப்பனுங்க.”

பன்னிரண்டாவது வாரத்தில் பிடியின் பலத்தை அளக்க ஆரம்பித்தேன். அதற்கென்று ஒரு கருவி உண்டு. கைப்பிடியை அழுத்தினால் முள் நகர்ந்து கிலோவில் காட்டும். அந்த வயதில் ஆண்களுக்கு நாற்பது இருக்கலாம். முதல் முறை அண்ணனுக்கு நான்கு வந்தது. அடுத்த வாரம் ஆறு. அதற்கடுத்த வாரம் ஒன்பதைத் தொட்டது. நான் சந்தோஷத்தில், “பரவாயில்லீங்களே!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். தம்பி அப்போது காரைத் திருப்பி வைக்கக் கீழே போயிருந்தான்.

அண்ணன் என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தச் சொல்லி இடது கையால் சைகை காட்டினார்.

“அம்மணி, என்ற கை இப்படி வருதுங்கறது அவனுக்குத் தெரிய வேண்டாம்.”

“ஏனுங்க?”

“அன்னைக்கு மண்டபத்துல நான் எப்பவும் போலச் செவுத்தோரமா உக்காரப் போனேன். இந்தப் பக்கம் காத்து நல்லா வருதுங்க அண்ணான்னு அவன்தான் மாத்தி உக்கார வெச்சான். வாசலுக்கு முதுகு காட்டி உக்காந்துட்டேன். பக்கத்துலதான் இருந்தான். பாயசம் ஊத்திட்டே வந்தாங்க. நம்ம எலைக்கு ரெண்டு எலை தள்ளி வந்துட்டாங்க. கை களுவிட்டு வாரனுங்கன்னு எந்திரிச்சுப் போனான். நீங்களே சொல்லுங்க. பாயசம் வாரப்போ எவனாச்சும் எந்திரிச்சுப் போவானா?”

அது சரிதான் என்று எனக்கும் பட்டது.

“ஆஸ்பத்திரியில மூணு வாரம் அவன் ஊட்டுன சோத்தத் தின்னுட்டு இதைத்தான் யோசிச்சிட்டு இருந்தேன்” என்றார்.

“போலீஸ்ல சொல்லலாமுங்களே?”

“பாயசத்தை வெச்சு எப்படிங்க கேஸ் போடுவாங்க?”

நோயாளியின் விவரத்தை மற்றவர்களிடம் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது என்றேன். அப்ப செரியாப் போச்சு என்றார். பொய்யாக எழுதலாம் என்று விதி இல்லை என்றும் சொன்னேன்.

“ஃபைலை போட்டோ புடிக்கறானே அம்மணி. ஆறுன்னே எழுதிக்குங்க. ஆறு என்ன, கொறைச்சலா?”

மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஊரே பயப்படும் ஒரு மனிதர் உலகத்தில் யாரையும் நம்பாமல் என்னை நம்புகிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையான அளவை எங்காவது எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த ஒரு சின்ன டைரியில், தேதி போட்டு, ஒன்பது என்று எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எட்டு வாரம் அப்படியே போனது. ஃபைலில் ஆறு, ஆறு, ஏழு, ஆறு. டைரியில் பன்னிரண்டு, பதினாறு, பத்தொன்பது. தம்பி அறையில் இருக்கும்போது அண்ணன் ரப்பர் பந்தைப் பிடிக்க முயன்று கீழே போடுவார். நன்றாகவே நடித்தார். உதட்டைக் கடித்து, நெற்றி வேர்க்க, கடைசி நிமிடத்தில் விடுவார். தம்பி ஒவ்வொரு தடவையும் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்துத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைப்பான். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையாவது குனிவான். “பரவால்லீங்க அண்ணா, மெதுவா வருமுங்க” என்பான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நிற்பேன். கொலைக்கு ஏற்பாடு செய்த ஒருவனின் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சட்டையில் இஸ்திரி மடிப்பு இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தம்பி என்னிடம் வந்து, அண்ணனை மூன்று நாள் வால்பாறைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டான். தெரிந்தவர்களின் எஸ்டேட் பங்களா காலியாக இருக்கிறது, ஆட்கள் யாரும் வேண்டாம், அண்ணனும் தானும் மட்டும், கொஞ்சம் மனது லேசாகும் என்றான். பயிற்சி மூன்று நாள் விட்டுப்போனால் பரவாயில்லையா?

பரவாயில்லை, அங்கேயே செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றான்.

“மேடம், இப்ப எதையாச்சும் கெட்டியாப் புடிச்சா கை நிக்குமுங்களா? கம்பி கிம்பி மாதிரி?”

“ஏன் கேக்கறீங்க?”

“நாப்பது கொண்டை ஊசி வளைவுங்க. கார்ல மேல கைப்பிடி இருக்குதுல்ல, அதைப் புடிச்சுக்குவாரான்னு கேட்டேன்.”

நியாயமான கேள்வி. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கை தூரத்தில் அண்ணன் படுத்திருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். அன்று காலை டைரியில் நான் எழுதியிருந்தது இருபத்து நான்கு.

“நிக்காதுங்க” என்றேன். “இடது கையால புடிச்சுக்கச் சொல்லுங்க.”

“செரிங்க மேடம்” என்றான். ரொம்ப நன்றி என்றும் சொன்னான்.

அவன் செருப்பு போடப் போனபோது அண்ணன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். அவரிடம், போக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். “போகாட்டி நான் சந்தேகப்படறது அவனுக்குத் தெரிஞ்சுபோகுமே அம்மணி” என்றார். பிறகு, “போயிட்டு வாரனுங்க” என்றார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் சரியாக வந்தார். வேறு ஒரு டிரைவர் கூட்டி வந்திருந்தான். வலது உள்ளங்கை நெடுகத் தோல் உரிந்து துரு படிந்திருந்தது. இரண்டு நகங்கள் இல்லை.

“தம்பி வரலீங்களா?”

“தவறிட்டானுங்க.”

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினார். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. உரிந்த இடத்தைக் கழுவி மருந்து வைத்துவிட்டு, விரல் பயிற்சியை ஆரம்பித்தேன். நாற்பது நிமிடம். கிளம்பும்போது சட்டையின் மேல் பட்டனை அவரே போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரிந்தது. பங்களாவுக்குப் பின்னால் பள்ளத்தைப் பார்த்த மாதிரி இரும்புக் கம்பித் தடுப்பு. தம்பி தடுப்பைத் தாண்டி நின்று ஃபோனில் படம் எடுத்திருக்கிறான். மழை பெய்த ஈரம். வழுக்கியிருக்கிறான். அண்ணன் ஓடிப்போய் அவன் மணிக்கட்டை வலது கையால் பிடித்திருக்கிறார். வெட்டுப்பட்ட கை, பலமில்லை, நழுவிவிட்டது. இது அண்ணன் கொடுத்த வாக்குமூலம். கை எவ்வளவு வருகிறது என்று சந்தேகமிருந்தால் ஃபைலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார்.

“ஆறு, ஆறு, ஏழு, ஆறு. இது நீங்க எழுதுனதுங்களா?”

“ஆமாங்க.”

“கையெழுத்து உங்களுதா?”

“ஆமாங்க.”

இரண்டும் உண்மை. நகல் எடுத்துக்கொண்டார். டீ குடித்தார். தனக்குக் கழுத்தில் ஆறு மாதமாக ஒரு பிடிப்பு என்றார். இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், டைரி எங்கே இருக்கிறது என்று கேட்டார். கைப்பையில் என்றேன். கொளுத்திவிடு என்றார். சரி என்றேன். கொளுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ரிசப்ஷனில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். நோயாளி என்று நினைத்து, எங்கே வலி என்று கேட்டேன். தம்பியின் மனைவி என்றாள். உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

ஃபோனை எடுத்துக் காட்டினாள். தம்பி படம் எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்த ஃபைல் பக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன.

“அண்ணன் கை இனி ஆகாதுன்னு நீங்க சொன்னீங்களாமுங்க. கெளம்பறப்போ எங்கிட்டச் சொன்னாரு. அது நெசமுங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் ஒரு முறை பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“சொன்னது நெசம்” என்றேன். “நான் சொன்னது பொய்.”

டைரியை எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

“இருவத்தி நாலு கிலோன்னா எவ்வளவுங்க? அவரைப் புடிச்சிருக்கலாமுங்களா?”

“மேல தூக்க முடியாதுங்க. சித்த நேரம் புடிச்சு நிறுத்தலாம். யாராச்சும் வர்ற வரைக்கும் நிக்குமான்னு உறுதியாச் சொல்ல முடியாது.”

“பங்களா வாட்ச்மேன் பக்கத்துலதான் இருந்தாருங்க. அண்ணன் சத்தமே போடலைங்கறாரு.”

அழவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். பனியன்களைச் சரிபார்ப்பது போலத் தேதி வாரியாக டைரியையும் ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டுக்காரரும் நல்ல எண்ணத்துல கூட்டிட்டுப் போகலைங்கறது எனக்குத் தெரியுமுங்க” என்றாள். “ரெண்டு பேர் போறாங்க, ஒருத்தர்தான் வருவாங்கன்னு தெரியும். இவருதான் வருவாருன்னு நெனச்சிருந்தேன்.”

அடுத்த நாள் அண்ணன் வந்தபோது, தம்பியின் மனைவி வந்துபோனதையும் நான் உண்மையைச் சொல்லிவிட்டதையும் சொன்னேன். டைரியைப் போலீசில் கொடுக்கப்போகிறேன் என்றும் சொன்னேன். கையில் இருந்த பந்தை அழுத்துவதை அவர் நிறுத்தவில்லை.

“என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடுங்க” என்றார். “கம்பிகிட்ட நின்னுட்டு இருந்தேன். ஏனுங்க அண்ணா, அக்கட்டால பாருங்க, அதுதான் எங்க லைன் ஊடுன்னு காட்டுனான். பாத்தேன். முதுகுல ரெண்டு கையும் வெச்சுத் தள்ளுனான். இடுப்புக்கு மேல வெளிய போயிட்டேன். இந்தக் கையில கம்பியப் புடிச்சுட்டேன். நின்னுச்சு. நான் போயிருவேன்னு நெனச்சு முழு பலத்துல தள்ளுனவன், நான் போகலீங்காட்டி அவன் வழுக்கிக் கம்பிக்கு மேல போயிட்டான். என்ற எடது கையப் புடிச்சுத் தொங்குனான்.”

“அப்ப இந்தக் கையில கம்பி…”

“அந்தக் கையில அவன்.”

பந்தைக் கீழே வைத்தார்.

“என்ற மூஞ்சியப் பாக்கல அவன். கம்பியப் புடிச்சிருந்த கையத்தான் பாத்தான். அண்ணா, கை வந்துருச்சுங்களான்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலைங்க.”

“விட்டுட்டீங்களா, நழுவிருச்சுங்களா?”

இதற்கு மட்டும் அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்த மாதிரிதான் இருந்தது.

“அதைக் காட்டற மிஷின் உங்ககிட்ட இருக்குதுங்களா அம்மணி?” என்றார்.

டைரியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இதை அன்றைக்கே கொடுத்திருக்கலாமே என்றார். கழுத்து பரவாயில்லை என்றும் சொன்னார். அண்ணன் என்னிடம் சொன்னதையும் எழுதிக் கொடுத்தேன். அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, அம்மணி நல்லவங்க, பயந்து போயிருக்காங்க, நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அதோடு நிற்கவில்லை. கிளினிக்குக்கு வந்து முதலாளியான எங்கள் டாக்டரைப் பார்த்து, அம்மணி மேல் எந்தத் தப்பும் இல்லை, அவங்களை எதுவும் சொல்லக் கூடாது என்று சிபாரிசு செய்துவிட்டுப் போனார். டாக்டர் அன்று மாலையே என்னை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார். பொய்யாக ஃபைல் எழுதியதைக்கூட மன்னித்திருப்பார். அண்ணன் சிபாரிசு செய்கிற ஆளை வைத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் இல்லை.

தம்பியின் மனைவி, கேஸை விபத்து என்று முடிக்கக் கூடாது என்று கோர்ட்டில் மனு போட்டாள். நான்தான் முக்கியமான சாட்சி. அண்ணனின் வக்கீல் ஃபைலை ஒரு கையிலும் டைரியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“இந்த ரெண்டும் உங்க கையெழுத்துதானுங்களே?”

“ஆமாங்க.”

“ஒண்ணுல பொய் எழுதியிருக்கறதா நீங்களே சொல்றீங்க. எதுல பொய்யிங்கறதையும் நீங்களே சொல்றீங்க. பொய் எழுதற ஒருத்தர் சொல்றதை வெச்சுக் கோர்ட் எதை நம்பறதுங்க?”

ஜட்ஜ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார். மனு தள்ளுபடியானது.

அண்ணன் அதிக நாள் நீடிக்கவில்லை. உயிரோடுதான் இருக்கிறார். அக்கா பையனைக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தப் பையன் ஒரே வருடத்தில் ஆட்கள் எல்லோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மாமாவை மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பாக்குத் தோப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அங்கே யாரும் போவதில்லையாம். வாசலில் நிற்கிற இரண்டு ஆட்களும் பையனின் ஆட்கள் என்று என் கணவர் சொன்னார். காவலுக்கா, கண்காணிக்கவா என்று அவருக்கும் தெரியவில்லை.

மனு தள்ளுபடியான அன்று கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தம்பியின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“இப்ப எங்கீங்க வேலை?”

“வேலை இல்லீங்க. கூப்பிடறவங்க வீட்டுக்குப் போய்ப் பண்றேன்.”

“எங்க மாமியாருக்கு முட்டி ரெண்டும் ஆகறதில்லீங்க. லைன் ஊட்டைக் காலி பண்ணிட்டு எங்கூடத்தான் இருக்காங்க. மாடிப்படி ஏற முடியறதில்ல. நீங்க வாரீங்களா?”

“நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க. அவங்கதான் கேக்கச் சொன்னாங்க.”

இப்போது வாரம் இரண்டு நாள் போகிறேன். தம்பியின் அம்மாவுக்கு இடது முட்டிதான் மோசம். மலைச்சரிவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று முப்பது வருடம் கொழுந்து பறித்த உடம்பு அப்படித்தான் ஆகும். மகனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வலித்தால் சத்தமாகத் திட்டுவார். முடிந்ததும் தானே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டுக் கொண்டுவருவார். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். குடித்துவிட்டு வருவேன்.